பத்திரங்கள் பத்திரமாய் இருக்கட்டும்!

வன்னி நிலத்திலே வாழும் குடும்பங்களுக்குக் காகிதத்தின் பெறுமதியை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற யுத்தத்தின்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த வேளையிலே, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பாடசாலைச் சான்றிதழும் வழியிலே தவறிப்போன வீடுகள் பல. அவற்றின் பிரதிகளைப் பெறுவதற்காகப் பின்னர் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்த நடை கொஞ்சமன்று. இடிந்த சுவரை மீண்டும் எழுப்பலாம். தொலைந்த கையொப்பத்தை அவ்வளவு எளிதில் மீட்க இயலாது.

இன்று அத்தகைய காகிதங்களிற் பல கணினியிலேதான் பிறக்கின்றன. கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடன் கணக்கும், ஆசிரியர் ஆக்கும் வினாத்தாளும், காணி அனுமதிப்பத்திரம் வேண்டி எழுதும் விண்ணப்பமும் ஒரு சிறு பெட்டியினுள் அடங்கிக் கிடக்கின்றன. அப்பெட்டியிலே எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் உதவும் அலுவலகச் செயலித் தொகுதியைப் புதிய பதிப்புக்கு உயர்த்த வேண்டிய காலம் வரும்போது, ‘பழைய கோப்புகள் என்னாகுமோ?’ என்ற அச்சம் எழுவது இயல்பே. அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயினும் முறையறிந்து செய்வோர்க்கு அது வேண்டாததாகும். லினக்ஸ் கணினியை மேசைமீது வைத்திருப்போருக்கு அம்முறையை எடுத்துக் கூறுவதே நமது நோக்கம்.

லினக்ஸ் என்பது யாது?

கணினியின் உறுப்புகளையெல்லாம் இயக்கி ஆள்வது இயங்குதளம். பின்லாந்து நாட்டிலே ஹெல்சிங்கி சர்வகலாசாலையின் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991ஆம் ஆண்டில் அதன் கருப்பகுதியொன்றை எழுதி, எவரும் எடுத்தாளவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் விட்டார். அதனைச் சூழ்ந்து உபுண்டு, டெபியன், மின்ட் முதலிய இயங்குதளங்கள் எழுந்தன. இவற்றை வீட்டுக் கணினியிலே நிறுவுவதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றமையால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளை உடையோருக்கு லினக்ஸ் நல்லதொரு புகலிடமாயிற்று.

இத்தகைய திறந்த மென்பொருள் நம் நாட்டுக்குப் புதியதுமன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையையும் ஏனைய கரைகளையும் சிதைத்தபோது, காணாமற் போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிந்து வைப்பதற்காக இலங்கைக் கணினியாளர் தொண்டாக எழுதிய ‘சகானா’ என்னும் மென்பொருள், பின்னர் பிற நாடுகளின் அனர்த்தங்களுக்கும் உதவிற்று.

ஜேர்மனி தந்த இரு கருவிகள்

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியிற் பிறந்து மலாயா நாடு சென்ற ஆர். முத்தையா அவர்கள் தமிழுக்கெனத் தட்டெழுத்துப் பொறியை வகுத்து, அதனை ஜேர்மனியிலே செய்வித்தார் என்பது நேயர் பலர் அறிந்த செய்தி. இன்று லினக்ஸ் கணினிகளிலே பெரிதும் வழங்கும் ‘லிப்ரே ஒபிஸ்’ என்னும் தொகுதியின் மூதாதையும் அதே நாட்டிலேதான் தோன்றிற்று. மார்க்கோ போரிஸ் என்ற இளைஞர் 1985ஆம் ஆண்டில் லூனபேர்க் நகரிலே தொடங்கிய நிறுவனம் ‘ஸ்டார் ஒபிஸ்’ என்னும் தொகுதியை ஆக்கிற்று. 1999இல் அதனை அமெரிக்காவின் சண் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. மறு ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அதன் மூலநிரல் உலகுக்குத் திறந்துவிடப்பட்டு, ‘ஓப்பன் ஒபிஸ்’ பிறந்தது. 2010இல் சண் நிறுவனம் ஒராக்கிள் கைக்கு மாறியபோது, அதை ஆக்கியோரிற் பலர் பிரிந்து தனி அறநிலையமொன்றை அமைத்தனர். அவர்கள் வளர்த்ததே லிப்ரே ஒபிஸ். அதன் முதற் பதிப்பு 2011 ஜனவரியில் வெளிவந்தது.

உரிமையாளர் இத்துணை முறை மாறியும் பழைய கடிதங்கள் இன்றும் திறக்கின்றனவே, அது எவ்வாறு? மூலநிரல் எவரது பூட்டுக்குள்ளும் இல்லை. கோப்பை எழுதி வைக்கும் முறையும் ஒளிவு மறைவற்றது. ஓடிஎப் எனப்படும் அக்கோப்புமுறை 2006இல் அனைத்துலக நியமமாக ஏற்கப்பட்டது. அவ்வாறு சேமித்த கடிதம் ஒரு சிறு பொட்டலம் போன்றது. உடனிருந்த செயலி அழிந்துபோனாலும், பொட்டலத்தைப் பிரித்து உள்ளிருக்கும் எழுத்தை வாசித்துவிடலாம்.

உயர்த்துவது ஏன்?

பிறர் அனுப்பும் கோப்புகளிலே தீங்கு செய்யும் நிரல் ஒளிந்திருக்கக்கூடும். புதிய பதிப்புகள் அதற்கு இடந்தரும் ஓட்டைகளை அடைக்கின்றன. மைக்ரோசொப்ட் வேர்ட்டில் எழுதிய கடிதங்களையும் அவை முன்னிலும் செம்மையாகத் திறக்கின்றன. 2017இல் வெளிவந்த 5.3ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளைக் கோக்கும் பொறிமுறை எல்லாக் கணினிகளுக்கும் ஒன்றாக அமைந்தமையால், தமிழ் போன்ற மொழிகளுக்கு நன்மை விளைந்தது.

ஆண்டுக்கு இரு பெரும் பதிப்புகள் வருகின்றன. 2024 முதல் அவற்றுக்கு ஆண்டையும் மாதத்தையும் கொண்டே இலக்கமிடுகின்றனர், 24.2 என்பது 2024ஆம் ஆண்டின் இரண்டாம் மாதத்தைக் குறிக்கும். இலக்கம் உயர்ந்தவுடன் நாமும் ஓட வேண்டும் என்பதில்லை. உபுண்டு 22.04இல் 7.3ஆம் பதிப்பும், 24.04இல் 24.2ஆம் பதிப்பும் உடன் வருகின்றன. இயங்குதளத்தார் ஐந்தாண்டு காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை அளிக்கின்றனர். வேண்டிய வேலை குறைவின்றி நடக்குமாயின் அதுவே போதும்.

மதகைத் திறக்குமுன்

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர், வாய்க்காலைத் துப்புரவு செய்யாமல் மதகைத் திறக்கச் சொல்வதில்லை. இங்கும் ஆயத்தமே பாதி வேலை. நாளைக் காலை ஒப்படைக்க வேண்டிய கணக்கு இருக்கும்போது பதிப்பை உயர்த்த முற்படலாகாது.

முதலில், ‘உதவி’ப் பட்டியிலே தற்போதுள்ள பதிப்பின் இலக்கத்தைப் பார்த்து ஒரு தாளிற் குறித்துக்கொள்க. அடுத்து, கோப்புகள் அனைத்தையும் பென்டிரைவ் ஒன்றிலே பிரதி செய்து, அது வேறொரு கணினியிலே திறக்கின்றதா எனவும் பார்த்துவிடுக. வீட்டுக் கோப்புறையினுள் ‘கொன்பிக்’ என்னும் மறைந்த கோப்புறை உண்டு. கொன்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்தினால் அது தோன்றும். அதனுள் இருக்கும் லிப்ரே ஒபிஸ் கோப்புறையில் உங்கள் வார்ப்புருக்களும் சொற்பட்டியலும் விருப்பத் தெரிவுகளும் இருக்கின்றன. அதனையும் பிரதி செய்க. கணினி 64 பிட் வகையினதா என்பதும் நோக்கத்தக்கது. 32 பிட் லினக்சுக்கு லிப்ரே ஒபிஸ் அறநிலையத்தார் 6.3 முதலாகப் பதிப்பு ஆக்குவதில்லை. இறுதியாக, மடிக்கணினியாயின் மின்கலத்தை நிறைத்துக்கொள்க. வேலை நடுவிலே மின்சாரம் நின்றால் நிறுவல் அரைகுறையாய் நிற்கும். அதனைத் தொடரச் செய்யும் கட்டளை லினக்சில் உண்டெனினும், அந்தத் தொல்லையை விலக்குவதே நன்று.

மூன்று வழிகள்

முதல் வழி, இயங்குதளத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து புதுப்பித்தல். ‘மென்பொருள் புதுப்பிப்பு’ என்னும் கருவியைத் திறந்து கடவுச்சொல்லை அளித்தால், எஞ்சியதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். வீடுகளுக்கும் சங்கங்களுக்கும் நாம் பரிந்துரைப்பது இதுவே.

இரண்டாம் வழி, அதனிலும் புதிய பதிப்பு வேண்டுவோருக்கு உரியது. உபுண்டுவுக்கென அமைந்த தனி லிப்ரே ஒபிஸ் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அல்லது ‘பிளாட்பாக்’, ‘சினாப்’ என்னும் முறைகளிலே முழுத் தொகுதியையும் ஒரே பொட்டலமாகப் பெறலாம். இவற்றுக்கு நல்ல இணைய இணைப்பும் வட்டில் இடமும் தேவை.

மூன்றாம் வழி, இணையம் வலுவற்ற கிராமங்களுக்கு ஏற்றது. நகரத்துக்குச் செல்லும் ஒருவர், உபுண்டு போன்றவற்றுக்கு உரிய ‘டெப்’ வகைப் பொதியை அறநிலையத்தின் தளத்திலிருந்து பென்டிரைவில் இறக்கி வரலாம். அது ஏறத்தாழ 200 மெகாபைட் அளவினது. தமிழ் இடைமுகத்துக்கான மொழிப்பொதி தனியே உள்ளது. அதனை மறந்துவிட்டு வந்தால், பட்டியெல்லாம் ஆங்கிலத்திலே நிற்கும். இவ்வழியில் நிறுவிய புதிய பதிப்பு, பழையதை அழிக்காமல் அதன் அருகிலேயே அமரும். இரண்டும் ஒரே விருப்பத் தெரிவுக் கோப்புறையைப் பயன்படுத்துவதால், ஒரே நேரத்தில் இரண்டையும் திறவாதிருக்க வேண்டும். புதியதிலே திருப்தி கண்டபின் பழையதை நீக்கலாம்.

பாமினியில் எழுதிய கடிதங்கள்

ஈழத்துத் தமிழர் வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய கடிதங்கள் மிகப்பல பாமினி எழுத்துருவிலே எழுதப்பட்டவை. திரையிலே தமிழாகத் தோன்றினும் உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறிகளே. ‘அம்மா’ என்னும் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகக் கிடக்கும். செயலியை உயர்த்துவதால் எழுத்துரு அழிவதில்லை. ஆனால் இயங்குதளத்தையே மீள நிறுவினால் பாமினி மறைந்து, தாத்தாவின் காணிக் கடிதம் பொருளற்ற ஆங்கிலக் குவியலாய்த் தோன்றும். அப்போது கலங்க வேண்டாம். எழுத்துருவை மீண்டும் சேர்த்தவுடன் கடிதம் தெளியும்.

இன்னுமொன்று. விருப்பத் தெரிவுகள் புதிதாகத் தொடங்கினால், வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே ஆங்கிலப் பெரிய எழுத்தாக்கும் வசதி உயிர்பெறும். பாமினியில் சிறிய எம் ‘அ’. பெரிய எம் ‘ஆ’. நாம் எழுதிய சொல் நம்மைக் கேளாமலே வேறாகிவிடும்! தன்னியக்கத் திருத்தப் பட்டியிலே அவ்வசதியை நிறுத்திவிடுக. நிலையான மருந்து, முக்கியமான கடிதங்களை யூனிகோட் எழுத்துக்கு மாற்றி வைத்தலே. மாற்றியபின் ஆட்பெயர், காணி இலக்கம், தொகை ஆகியவற்றை மூலத்தோடு ஒப்பு நோக்குதல் இன்றியமையாதது.

பதிப்பு உயர்ந்தபின் புதிய கோப்பைத் திறந்து மகிழ்வது சோதனையாகாது. மிகப் பழைய கடிதமொன்றையும், கூட்டுத்தொகை உள்ள கணக்கொன்றையும், அட்டவணை அமைந்த படிவமொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். விண்டோசில் ‘லதா’ எழுத்துருவில் எழுதிய படிவம், லினக்சில் வேறோர் எழுத்துருவிலே விரிந்து, கையொப்பக் கோடு அடுத்த பக்கத்துக்கு நழுவக்கூடும். ஒரு தாளை அச்சிட்டுப் பார்த்தால் அது வெளிப்பட்டுவிடும்.

ஐயம் எழுந்தால் அறிந்தோரைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டிய நிலையும் இன்றில்லை. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலே இயங்குகின்றது. கணினி பயிலும் பிள்ளைகள் நம் அயலிலேயே இருக்கின்றனர்; விடுமுறையில் வீடு வரும் அவர்களுள் ஒருவரை அரைநாள் அழைத்து, மேலே கூறிய முறைப்படி சங்கத்தின் கணினியைச் சீர்செய்யச் சொல்லலாம். பென்டிரைவில் எடுத்த பிரதியை மட்டும் கணினியுள்ள அறையிலேயே விடாது, நம்பிக்கையான வேறொரு வீட்டிலே வைத்துவிடுங்கள்.