இளந் தம்பதிகளின் மகப்பேறும் ஊராட்சியின் பொறுப்பும்

ஒரு கிராமத்தின் முன்னேற்றத்தைச் சாலைகளையும் கிணறுகளையும் கொண்டு மட்டும் அளந்துவிட இயலாது. அங்குப் பிறக்கும் குழந்தை போதிய எடையுடன் பிறக்கின்றதா, அதைப் பெற்ற தாய் நலமுடன் வீடு திரும்புகின்றாளா, திரும்பிய பின் அவ்விருவரும் தங்குவதற்கு ஏற்ற இடம் இருக்கின்றதா என்பனவும் முன்னேற்றத்தின் அளவுகோல்களேயாகும். இருபது வயது நிரம்பாத தாய்மாரைப் பொறுத்தமட்டில் இக்கேள்விகள் மேலும் முக்கியமானவை.

2019-21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 6.3 பேர் தாய்மார்களாகவோ கருவுற்றவர்களாகவோ இருந்தனர். இளவயதில் கருவுறும் பெண்ணுக்கு இரத்தசோகையும், பேறுகால வலிப்பு நோயும் வரும் அபாயம் அதிகம். குழந்தையும் எடை குறைந்து பிறக்கக்கூடும். கணவனுக்கோ நிலையான வருவாய் இராது. தனிக் குடும்ப அட்டை இராது. தம் பெயரில் மனையும் இராது. இத்தகைய தம்பதிகளுக்குக் கிடைக்கக்கூடிய உதவிகள் யாவை, அவற்றைப் பெற்றுத் தருவதில் ஊராட்சி உறுப்பினர்கள் ஆற்றக்கூடிய பணி யாது என்பதை ஈண்டு விளக்குவோம்.

வயதைப் பாராத உதவிகள்

முதலில் நன்கு மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மருத்துவ உதவிக்கு வயது வரம்பு கிடையாது. 2011-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தாய் சேய் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ், அரசு மருத்துவமனைக்கு வரும் எந்தக் கர்ப்பிணிக்கும் பிரசவம், அறுவை சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, போக்குவரத்து ஆகிய யாவும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. அங்கன்வாடி மையத்தில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அளிக்கப்படும் சத்துமாவுக்கும் வயது தடையன்று. வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள பெண்கள் மருத்துவமனையில் பிரசவிக்கும்போது ஜனனி சுரக்ஷா திட்டத்தில் கிராமப்புறத்தாருக்குக் கிடைக்கும் ரூ. 700-க்கும், 2013-ஆம் ஆண்டிலேயே வயது நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டது.

இவற்றையெல்லாம் பெறுவதற்குத் திறவுகோல் பதிவேயாகும். கருவுற்றமை தெரிந்தவுடன், மூன்று மாதத்திற்குள்ளாகவே கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துகொண்டு, தாய் சேய் நல அடையாள எண்ணைப் பெறுதல் வேண்டும். இந்த எண்ணின்றி மகப்பேறு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இயலாது. குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யும்போதும் இது கேட்கப்படும்.

வயது வரம்புள்ள உதவித்தொகைகள்

ரொக்கமாகக் கிடைக்கும் பெரிய உதவிகளுக்கு வயது வரம்பு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் தொகை 2006-இல் ரூ. 6,000 ஆகவும், 2011-இல் ரூ. 12,000 ஆகவும், 2018-இல் ரூ. 18,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2018-இல் வகுக்கப்பட்ட முறைப்படி இதில் ரூ. 14,000 வங்கிக் கணக்கில் தவணைகளாகச் செலுத்தப்படும், எஞ்சிய ரூ. 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் அளிக்கப்படும். தாய்க்கு 19 வயது நிறைந்திருத்தல் வேண்டும் என்பதும், இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே உதவி உண்டு என்பதும் இதன் விதிகளாம்.

இதனோடு இணைத்துச் செயற்படுத்தப்படும் நடுவணரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதற் குழந்தைக்கு ரூ. 5,000 உண்டு. கருவுற்ற ஆறு மாதத்திற்குள் பதிவும் ஒரு பரிசோதனையும் முடிந்தால் ரூ. 3,000, குழந்தையின் பிறப்பைப் பதிந்து, முதற் சுற்றுத் தடுப்பூசிகள் போடப்பட்ட பின் ரூ. 2,000. இங்குக் குறைந்த வயது 18 ஆண்டும் 7 மாதமும் ஆகும்.

இதிலிருந்து தெளியத்தக்கது யாதெனில், இரண்டொரு மாத வேறுபாட்டில் ஓர் ஏழைக் குடும்பம் பல ஆயிரம் ரூபாயை இழக்க நேரிடலாம். ஆதலின் பிறப்புச் சான்று, ஆதார் ஆகியவற்றிலுள்ள பிறந்த தேதிகள் ஒத்திருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துத் திருத்திக்கொள்ளுதல் நலம். உதவித்தொகைக்காக வயதைக் கூட்டி எழுதுவதோ தீங்காகவே முடியும். ஓர் ஆவணத்தில் ஏறிய பொய் பிற ஆவணங்களோடு முரண்பட்டு, பின்னர் வரவேண்டிய உதவிகளையும் தடுத்துவிடும்.

குடியிருக்க இடம்

பிரசவத்திற்குப் பின் ஒற்றை அறைக் குடிசையில், அடுப்புப் புகையின் நடுவே, எட்டுப் பேரோடு ஒரு பச்சிளங் குழந்தையை வளர்ப்பது எளிதன்று. ஊரகப் பகுதிகளில் வீடு கட்ட இரு திட்டங்கள் குறிப்பிடத்தக்கன. 2016-இல் தொடங்கிய பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டிற்கு ரூ. 1,20,000 நடுவண், மாநில அரசுகளின் பங்காக வகுக்கப்பட்டது. குடிசைகளை மாற்றும் நோக்குடன் 2024-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், 360 சதுர அடி வீட்டிற்கு ரூ. 3,50,000 ஒதுக்கப்பட்டது.

இளந் தம்பதிகள் பெரும்பாலும் இடறி விழுவது பட்டாவிலேதான். மனை தந்தையின் பெயரிலோ பாட்டனாரின் பெயரிலோ இருக்கும். பெரியோர் மனமொப்பி, பாகப்பிரிவினை மூலமாகவோ தானப்பத்திரம் மூலமாகவோ ஒரு பகுதியைப் பதிவு செய்து கொடுத்து, உட்பிரிவுப் பட்டா பெற்றுத் தந்தால் வழி திறக்கும். தனிச் சமையலுடன் தனியே வாழ்வோர், பெற்றோர் அட்டைகளிலிருந்து பெயர்களை நீக்கிக்கொண்டு தனிக் குடும்ப அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். இவற்றிற்கு மாதங்கள் பல ஆகும், குழந்தையோ காத்திராது. ஆகையால் இருக்கும் வீட்டிலேயே காற்றோட்டமுள்ள ஒரு பகுதியைத் தாய்க்கும் சேய்க்கும் ஒதுக்குவதும், கழிப்பிடம் இல்லையேல் அதனை முதலிற் கட்டுவதும் உடனடியாகச் செய்யத்தக்கன.

பெற்றோர் விருப்பத்திற்கு மாறாக மணம் புரிந்தமையால் வீட்டை விட்டு வெளியேற்றப்படும் பெண்களும் உளர். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, மனைவிக்குத் தான் கணவனோடு வாழ்ந்துவந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையுண்டு. அவ்வீடு கணவனின் உறவினர் பெயரில் இருப்பினும் இவ்வுரிமை பொருந்தக்கூடும் என்று உச்சநீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. உடனடித் தங்குமிடம் வேண்டுவோர் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம்.

பதினெட்டு நிரம்பாத பெண்

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வரையறுக்கின்றது. 18 வயதுக்குட்பட்ட பெண் மனைவியே ஆயினும் அவளோடு கூடுதல் குற்றம் என்று உச்சநீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. அத்தகைய பெண் கருவுற்று வந்தால், மருத்துவமனை அதனைத் தெரிவித்தே ஆகவேண்டும்.

வழக்கு வருமென்று அஞ்சிச் சில குடும்பத்தார் பெண்ணை வீட்டிலேயே மறைத்துவைக்கின்றனர். இது பெருந் தவறாகும். பரிசோதனையின்றி, இரத்தசோகையோடு, வீட்டில் பிரசவிக்கும் சிறுமியின் உயிருக்கே இடர் நேரலாம். சட்டம் அவளைக் குற்றவாளியாகக் கருதுவதில்லை. பாதுகாக்கப்பட வேண்டியவளாகவே கருதுகின்றது. குழந்தைகள் நலக்குழு அவளுக்கு உணவு, தங்குமிடம் ஆகியவற்றிற்கு வழிசெய்யும்; சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிடலாம். அத்திருமணத்தை நீதிமன்றம் செல்லாததாக்கினால், அப்பெண்ணின் வாழ்க்கைச் செலவுக்கும், அவள் மறுமணம் புரியும்வரை தங்குமிடத்திற்கும் ஆணை பிறப்பிக்கலாம். கணவன் சிறுவனாயின் அவன் பெற்றோரே பொருள் தரவேண்டும். அவளுக்குப் பிறந்த குழந்தை சட்டப்படி முறையான குழந்தையேயாகும். 1098 என்ற எண்ணில் எவரும் தகவல் தரலாம்.

ஊராட்சி செய்ய வேண்டுவன

ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தம் பகுதியிற் கருவுற்ற இளம் பெண்கள் மூன்றாம் மாதத்திற்குள் பதிவு செய்துள்ளனரா எனச் செவிலியரோடு கலந்து அறிந்துகொள்ளலாம். வங்கிக் கணக்கும் ஆவணங்களும் சரியாக இருப்பதற்குத் துணை நிற்கலாம். தகுதியுள்ள இளங் குடும்பம் வீட்டுப் பயனாளிகள் பட்டியலில் விடுபட்டிருப்பின் அதனைக் கிராம சபையில் எடுத்துரைக்கலாம். ஆயின் சிறுமியர் பற்றிய செய்திகளைச் சபையிற் பேசுதல் கூடாது. அவர்தம் பெயர் வெளிப்படாமற் காப்பது சட்டம் விதித்த கடமை.

பெண்மக்கள் படிப்பைத் தொடர்வதும், பருவம் வந்த பின்னரே மணம் புரிவதும் நாம் வேண்டும் நன்னிலையாகும். அதற்கெனப் பாடுபடுவோம். எனினும், பிழை யாருடையதாயினும், பிறக்கப்போகும் குழந்தை அதற்குப் பொறுப்பன்று. நாற்று இளையது என்று நீர் பாய்ச்சாமல் விடும் உழவர் எவருமிலர். இளைய தாயையும் அவ்வாறே பேணுதல் ஊரார் அனைவரின் கடமையாகும்.