ஞானஸ்நானமும் ஜனாதிபதிப் பதவியும்

சட்டம் திறந்து வைத்த கதவைச் சமுதாயம் எத்துணைக் காலம் அடைத்து வைத்திருத்தல் கூடும் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரத்திலே தக்கதோர் உதாரணம் உண்டு. 1787ஆம் ஆண்டில் வரையப்பட்ட அந்நாட்டு அரசியலமைப்பின் ஆறாம் உறுப்புரை, அரச பதவி எதற்கும் சமயச் சோதனை வேண்டப்படலாகாது என விதிக்கின்றது. ஆயினும், கத்தோலிக்கர் ஒருவர் ஜனாதிபதியாவதற்கு அந்நாடு 1961ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. ஏட்டிலே இல்லாத சோதனை மக்கள் மனத்திலே இருந்தது.

ஆங்கிலேயக் குடியேற்றங்களில் வாழ்ந்தோருட் பெரும்பாலார் புரட்டஸ்தாந்து சமயத்தவர். பாப்பரசரின் அதிகாரத்தைக் கொடுங்கோன்மையாகவே கருதிப் பழகியவர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே, பஞ்சத்தால் அயர்லாந்தை நீங்கிய கத்தோலிக்கர் இலட்சக்கணக்கில் வந்திறங்கவே, பழைய ஐயம் புதிய அச்சமாக வளர்ந்தது. தம் இயக்கத்தைப்பற்றி எவரேனும் வினவினால் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று விடையிறுத்தமையால் 'ஒன்றுமறியார்' எனப் பெயர்பெற்ற கட்சியினர், இவ்வச்சத்தையே முதலாகக் கொண்டு அரசியல் நடத்தினர். 1856ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுடைய அபேட்சகராய் நின்ற முன்னாள் ஜனாதிபதி மில்லட் பில்மோர், ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார்.

பெருங் கட்சியொன்றின் அபேட்சகராக நிறுத்தப்பட்ட முதற் கத்தோலிக்கர் அல்பிரட் ஸ்மித். நியூயோர்க் நகரின் ஏழைக் குடியிருப்பிலே பிறந்து, தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பை இடையிலே விட்டு, மீன் சந்தையிலே உழைத்து, நான்குமுறை நியூயோர்க் மாநிலத்தின் ஆளுநராய்த் தெரிவானவர். அவர் பாப்பரசருக்குப் பணிவாரா, அரசியலமைப்புக்குப் பணிவாரா என்று 1927இல் சஞ்சிகையொன்றின் வாயிலாகப் பகிரங்கமாகவே கேட்டனர். மனச்சாட்சிச் சுதந்திரத்திலும், திருச்சபையும் அரசும் வேறாயிருத்தலிலும் தமக்குள்ள நம்பிக்கையை அவர் ஐயத்துக்கிடமின்றி எடுத்துரைத்தார். கேட்டவர் எத்தனை பேர்? ஹட்சன் ஆற்றின் கீழே புதிதாகத் திறக்கப்பட்ட சுரங்கப்பாதை வத்திக்கான்வரை நீளப்போகின்றதென்ற வதந்திகூட உலாவிற்று. 1928ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹெர்பேட் ஹூவர் 444 தேர்வாளர் வாக்குகளையும் ஸ்மித் 87ஐயும் பெற்றனர். தோல்விக்குச் சமயம் ஒன்றே காரணமென்று நான் கூறமாட்டேன். நாடு அப்போது செல்வச் செழிப்பிலிருந்தது. ஸ்மித் மதுவிலக்கை எதிர்த்தவர். ஆனால், அவர்மீது வீசப்பட்ட சேற்றிலே பெரும் பங்கு சமயச் சேறே என்பதை மறுப்பாரில்லை.

32 ஆண்டுகளின் பின்னர் ஜோன் கென்னடி அதே வினாவை எதிர்நோக்கினார். புரட்டஸ்தாந்தினர் மிகுந்து வாழும் மேற்கு வேர்ஜீனியாவின் முதனிலைத் தேர்தலில் வென்ற பின்னரும் ஐயம் ஓயவில்லை. 1960 செப்டெம்பர் 12ஆம் திகதி, ஹூஸ்டன் நகரிலே புரட்டஸ்தாந்துப் போதகர்கள் முன்னிலையில் அவர் ஆற்றிய உரையை நான் பலமுறை படித்திருக்கின்றேன். தாம் கத்தோலிக்கரின் அபேட்சகரல்லர், கட்சியின் அபேட்சகர். கத்தோலிக்கராயிருப்பது தற்செயலே என்றார். பதவிக் கடமை தம் மனச்சாட்சியோடு மோதுமாயின் பதவியைத் துறப்பதாகவும் கூறினார். என் உள்ளத்தைத் தொட்ட பகுதியோ வேறு. நாலு கோடி அமெரிக்கர், ஞானஸ்நானம் பெற்ற அன்றே ஜனாதிபதியாகும் வாய்ப்பை இழந்துவிட்டனர் என்பது இத்தேர்தலின் தீர்ப்பானால், தோற்பது தாமல்லர், முழு நாடுமே என்றார். சலுகை கேட்கும் குரலன்று அது. நீதி கேட்கும் குரல்.

நவம்பரில் அவர் வென்றார். அளிக்கப்பட்ட ஏறக்குறைய 6 கோடி 88 இலட்சம் வாக்குகளில், நிக்ஸனைவிட அவர் கூடுதலாகப் பெற்றவை 120,000க்கும் குறைவே. ஆயினும் சொன்ன சொல்லைக் காத்தார். 1961இல் அவர் முன்வைத்த கல்வி நிதித் திட்டத்தில் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு உதவி இடம்பெறவில்லை. ஆயர்கள் எதிர்த்தும் அவர் இணங்கவில்லை.

கதை இத்துடன் முடியவில்லை. 2004இல் ஜோன் கெரி போட்டியிட்டபோது வினா தலைகீழாயிற்று. 'திருச்சபைக்கு ஏன் பணிகின்றாய்?' என்று ஸ்மித்தைக் கேட்ட நாட்டிலே, 'திருச்சபைக்கு ஏன் பணியவில்லை?' என்று கெரியைக் கேட்டனர். கருச்சிதைவுபற்றிய அவருடைய நிலைப்பாட்டுக்காக அவருக்கு நற்கருணை வழங்கலாகாது என ஆயர்கள் சிலர் கூறினர். கத்தோலிக்கருட் பெரும்பாலார் புரட்டஸ்தாந்தினரான ஜோர்ஜ் புஷ்ஷுக்கே வாக்களித்தனர். 2010இல் டென்வர்ப் பேராயர் சார்ல்ஸ் சாப்பூ அதே ஹூஸ்டன் நகருக்கு வந்து, புரட்டஸ்தாந்துப் பல்கலைக்கழகமொன்றிலே நின்று, கென்னடியின் உரை தவறானதென்று பேசினார். 2021இல் பதவியேற்ற இரண்டாம் கத்தோலிக்க ஜனாதிபதி ஜோ பைடனுக்கும், 2019இல் தென் கரோலினாவிலே குருவானவர் ஒருவர் நற்கருணை மறுத்திருந்தார்.

பேராயரின் வாதத்தைப் புறக்கணித்தல் எளிதன்று. நம்பிக்கையை வீட்டிலே வைத்துவிட்டுப் பதவிக்கு வரும் மனிதன், மனச்சாட்சியையும் அங்கேயே விட்டுவர நேரிடும் அல்லவா? ஆனால் என் கருத்து இது: மனச்சாட்சியை உடன் கொண்டு வருதல் வேறு, பிறரது கட்டளையை உடன் கொண்டு வருதல் வேறு. கென்னடி துறந்தது பின்னதை மட்டுமே. மனச்சாட்சிக்காகப் பதவியையே துறப்பேன் என்றவர் அதனை வீட்டிலே விட்டு வந்தவராகார்.

அபேட்சகர் ஒருவர் பதவியில் யாது செய்வார் என்று கேட்க வாக்காளனுக்கு முழு உரிமையுண்டு. எந்தப் பீடத்தின் முன் முழந்தாளிடுகின்றார் என்பதைக் கொண்டே அதற்கு விடை கண்டுவிட்டதாக எண்ணுவதற்கு உரிமையில்லை. அரசியலமைப்பின் ஆறாம் உறுப்புரை அரசாங்கத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். வாக்குச் சீட்டைக் கையில் எடுப்பவனைக் கட்டுப்படுத்தவல்லது அவனுடைய நீதியுணர்வு ஒன்றே.