பேட்டையும் பெருந்தொழிலும்

மதுரைக்குத் தெற்கே தூத்துக்குடி செல்லும் இருப்புப்பாதையில் விருதுநகர் என்னும் ஊர் உள்ளது. 1923-ஆம் ஆண்டுவரை அதற்கு விருதுபட்டி என்பதே பெயர். சுற்றிலும் மழையை நம்பிய கரிசல் நிலம்; வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. அவ்வூரில் விளையும் பொருள் சிறிது. அங்கே கைமாறும் பொருளோ பெரிது. மல்லி, மிளகாய் வற்றல், பருப்பு, எண்ணெய் ஆகியவற்றிற்கு விருதுநகர்ச் சந்தையில் என்ன விலை என்பதைத் தமிழ் நாளிதழ்கள் வெளியிடுகின்றன. விளைவு குன்றிய ஊர் பிற ஊர்களுக்கு விலை கூறும் ஊரானது எவ்வாறு?

19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்புக்கட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிய மாட்டுவண்டிகள் வடக்கு நோக்கி வந்தன. வழியில் கள்வர் அச்சம் மிகுதி. சிறு வணிகன் ஒருவனுக்கு அந்த ஒரு வண்டிச் சரக்கே முதல். அது பறிபோனால் அவன் வாழ்வே குலைந்துபோகும். ஆதலின் நாடார் வணிகர்கள் ஒன்றுகூடி, விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் பேட்டைகளை அமைத்தனர். பேட்டை என்பது மதில் சூழ்ந்த பெருவெளி. வண்டியை அவிழ்த்துவிட்டு, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி, சரக்கைக் கவலையின்றி இறக்கி வைக்கலாம். அதற்காக மூட்டைக்கு இவ்வளவு என்று வணிகர் ஒரு சிறு தொகை கொடுத்தனர். அதற்கு மகமை என்று பெயர். மகமை எந்தத் தனி மனிதர் பைக்கும் செல்வதில்லை. உறவின்முறை என்னும் சபை அதனைக் காத்துக் கணக்கு வைத்தது. கிணறும் கோயிலும் பள்ளியும் அப்பணத்தால் எழுந்தன. விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடி அரிசி எடுத்து வைத்தனர். காமராசர் கல்வி பயின்றது அப்பள்ளியிலேதான்.

மகமைக் கணக்கில் எழுதப்படாத வரவு ஒன்றும் உண்டு. அது பழக்கம். பேட்டையில் இரவு தங்கிய வணிகர்கள் வெறுமனே உறங்கிவிடுவார்களா? எவ்வூரில் எச்சரக்குக்குத் தட்டுப்பாடு, எந்தக் கடைக்காரர் நாணயமுள்ளவர், கடனை இழுத்தடிப்பவர் யார் என்பவையெல்லாம் அங்கே பேச்சாயின. தொலைவூர்க் கடைக்குக் கடனாகச் சரக்கு அனுப்புவோர்க்கு, அக்கடைக்காரரை அறிந்த இருவரின் சொல்லே பிணை. வாக்குத் தவறியவர் பெயர் அடுத்த பேட்டைக்கு அவருக்கு முன்பே போய்ச் சேரும்! இத்தகைய நம்பிக்கையின்மேல் எழுந்ததே 1921-இல் தூத்துக்குடியில் தொடங்கப்பெற்ற நாடார் வங்கி. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் பெற்றது.

சிவகாசியின் கதை இன்னும் சுவையானது. 1922-ஆம் ஆண்டையொட்டி, அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர் கல்கத்தாவிற்குப் புறப்பட்டனர். அக்காலத்தில் இந்நாட்டார் ஏற்றிய தீக்குச்சிகளுள் பெரும்பாலானவை சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை. இருவரும் கல்கத்தாவில் சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். கற்றதை இருவரோடு நிறுத்தியிருந்தால் ஊரில் ஓரிரு தொழிற்கூடங்களே இருந்திருக்கும். உறவினரும் அண்டை அயலாரும் அவர்களைப் பார்த்துத் தாமும் தொடங்கினர்.

சுவீடன் நாட்டு முதலாளிகள் 1923-இல் நிறுவிய விம்கோ கம்பெனி பொறிகளைக் கொண்டு தீப்பெட்டி செய்தது. அத்துணைப் பணம் சிவகாசியாரிடம் இல்லை. அவர்கள் வேலையைப் பகுத்துக்கொண்டனர். குச்சி ஒருவரிடமிருந்து வரும். பெட்டி வேறொருவர் வீட்டுத் திண்ணையில் ஒட்டப்படும். மருந்து தோய்ப்பது மற்றோரிடத்தில் நடக்கும். பெட்டிக்குப் படம் வேண்டும். அதற்கென அச்சகங்கள் பிறந்தன. பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் ஓங்கியது. அதற்கும் மருந்து வேண்டும், காகிதம் வேண்டும், வண்ணப்படம் வேண்டும். இவ்வாறு ஒன்றற்கொன்று வாடிக்கையாகிய மூன்று தொழில்கள் ஓரூரில் வேரூன்றின. நாட்காட்டியும் நாட்குறிப்பும் அச்சிடுவதில் அவ்வூர் இன்று நாடறிந்தது.

இவ்வரலாற்றில் மறைக்கத்தகாத குறைகளும் உண்டு. உறவின்முறை ஒரு சமூகத்தாரின் வட்டம். அதற்கு வெளியே நின்ற சிறு வணிகனுக்கு அதன் பிணை கிட்டவில்லை. குச்சி அடுக்கிய சிறுவர் விரல்களுக்கும் அச்சபையில் இடமில்லை. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறுவரை அமர்த்தலாகாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்தது.

இன்று பேட்டையின் வேலையைக் கைப்பேசியும் செய்கிறது. 2003-இல் தொடங்கிய லிங்க்டின் போன்ற தொழில்முறை வலைத்தளங்களில் சிறிய அச்சக உரிமையாளரும் தம் பெயரையும் தாம் செய்த வேலைகளின் படங்களையும் வெளியிடலாம். தொலைநாட்டுப் பதிப்பாளர் அதனைக் காணலாம். அவர் உடனே ஆணை அனுப்பிவிடமாட்டார். இவ்வச்சகத்தில் முன்பு வேலை கொடுத்தவர் யார், சொன்ன நாளில் பொருள் வந்ததா என்று வினவுவார். பழைய பேட்டையிலும் கேட்கப்பட்டது இக்கேள்வியே. ஆனால் இவ்வட்டத்தில் நுழையச் சாதியும் ஊரும் கேட்கப்படுவதில்லை. தன் சரக்கின் புகழையே ஓயாது பாடுபவரை அங்கும் எவரும் விரும்புவதில்லை. பிறர் ஐயத்திற்கு விடையளித்து, தெரிந்ததைப் பகிர்ந்துகொள்பவரிடமே பழக்கம் நிலைக்கிறது.

பட்டாசுக்கு மட்டும் இவ்வழி முழுதும் திறக்கவில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், வலைத்தள வணிக நிறுவனங்கள் பட்டாசு விற்கலாகாது என்று ஆணையிட்டது. பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடுத்து, மாசு குறைந்த பட்டாசுகளையே செய்யுமாறு பணித்தது. வணிகரை மட்டும் அறிந்திருந்தால் போதும் என்றிருந்த ஆலை உரிமையாளர்கள் இப்போது வேதியியல் அறிஞர்களைத் தேடவேண்டியதாயிற்று. நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் புதிய கலவைகளை வகுத்தது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் இருவர் தொழில் கற்கக் கல்கத்தாவிற்குச் சென்ற ஊரிலிருந்து, பலர் அந்நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, பசுமைப் பட்டாசு செய்யும் முறையைக் கற்றனர்.