பயிரைக் காக்கும் அரிய சர்க்கரை – தெரிந்து கொள்வோம்!



சர்க்கரை என்றாலே நமக்கு டீயும் பொங்கலும்தான் ஞாபகம் வரும். திருத்தணி, கே.ஜி.கண்டிகை பக்கம் கரும்பு நமக்குப் புதுசு இல்லை. ஆனால் சர்க்கரையில் பல வகை உண்டு. அதில் சில, பயிருக்கு நோய் வராமல் தடுக்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

அரிய சர்க்கரை என்றால் என்ன?

வெல்லத்திலும் சீனியிலும் இருப்பது சுக்ரோஸ். இது குளுக்கோஸ், பிரக்டோஸ் இரண்டும் சேர்ந்தது. இயற்கையில் மிகக் கொஞ்சமாகவே கிடைப்பவை அரிய சர்க்கரைகள். அல்லுலோஸ், அல்லோஸ், டாகடோஸ் போன்றவை இந்த வகை. அத்திப்பழத்திலும் உலர்ந்த திராட்சையிலும் அல்லுலோஸ் துளியளவு உண்டு. ஜப்பானில் ககாவா பல்கலைக்கழகப் பேராசிரியர் கென் இசுமோரி, அந்த வளாகத்து மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியைக் கொண்டு, பிரக்டோஸை அல்லுலோஸாக மாற்றும் வழியைக் கண்டார். அதன் பிறகுதான் இவற்றை அதிக அளவில் செய்ய முடிந்தது.

பயிருக்கு என்ன செய்கிறது?

அல்லோஸ் கொடுத்த நெற்பயிர் பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தாங்கி நின்றதாக 2013-ல் ஜப்பான் ஆய்வு ஒன்று கூறியது. நெற்பயிர் இதையும் வழக்கமான சர்க்கரை போல எடுத்துக் கொள்கிறது. ஆனால் செரிக்க முடிவதில்லை. உடனே உள்ளே எச்சரிக்கை மணி அடித்த மாதிரி, நோய் எதிர்ப்பு வேலைகள் தொடங்கி விடுகின்றன. திருடன் வருவதற்கு முன்பே ஊர் விழித்துக் கொள்வது போல!

டாகடோஸ் வேறு விதம். இது அடிச்சாம்பல் நோய்க் கிருமியின் சர்க்கரைச் செரிமானத்தையே கெடுக்கிறது. வெள்ளரி போன்ற பயிர்களில் நல்ல பலன் தெரிந்ததாக 2020-ல் ஆய்வு வெளியானது.

ஒரு குறையும் உண்டு. அல்லோஸ் நெல்லின் வளர்ச்சியைக் குறுக்கிவிடும். அளவு தப்பினால் லாபம் நஷ்டமாகும்.

வெல்லம் தெளித்தால் போதுமா?

போதாது. வெல்லத்தில் இருப்பது சாதாரண சர்க்கரைதான். இலையில் தெளித்தால் எறும்பு வரும், கரும்பூசணமும் படரும். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் இவற்றில் வெல்லம் போடுவது நுண்ணுயிர்கள் பெருகத்தான்.

நாம் செய்யக் கூடியவை

1. ஒரு கிலோ விதைநெல்லுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்யவும்.
2. நடும்போது நாற்று நுனியைக் கிள்ளக் கூடாது.
3. யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் இலைக்கருகல் கூடும்.
4. நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள்.
5. நோய் தெரிந்தவுடன் 100 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ புதுச் சாணம் கரைத்து, வடிகட்டித் தெளிக்கவும். 15 நாள் கழித்து மறுபடி ஒரு முறை.

"சர்க்கரை டானிக்" என்று யாராவது பாட்டிலைக் கொண்டு வந்தால், அதில் என்ன சர்க்கரை, எந்தப் பயிருக்கு, எவ்வளவு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். குழுக்கடன் பணம் நம் பத்துப் பேர் உழைப்பு. சந்தேகம் இருந்தால் வேளாண் உதவி அலுவலரிடமோ, திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம்.

இதை அடுத்த குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டிப் பேசுவோம். படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கும் போய்ச் சேரட்டும்!