ஜெனரல் கட்டைவிரல்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரும் தகப்பனார் வயதில் ஒன்றிரண்டைக் கூட்டிச் சொல்வதுண்டு. உபாத்தியாயர்களாகிய நாங்களும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வோம். ஆனால் ஒரு குழந்தையின் வயதில் ஒரே மூச்சில் ஆறு வருஷங்களைக் கூட்டிய மகானுபாவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். பார்னம் என்பது அவர் பெயர். நியூயார்க்கில் பெரிய காட்சிச்சாலை நடத்தி வந்தவர்.

1842-ஆம் வருஷக் கடைசியில் பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் சார்லஸ் ஸ்ட்ராட்டன் என்ற தச்சர் மகனை அவர் கண்டார். அந்தச் சிறுவன் பிறந்தபோது நல்ல எடையுடன்தான் இருந்தான். சில மாதங்களுக்கெல்லாம் வளர்ச்சி நின்றுவிட்டது. பிட்யூட்டரி சுரப்பியின் குறைபாடே காரணமாயிருக்கும் என்று இக்காலத்து மருத்துவர்கள் கருதுகின்றனர். பார்னம் பார்த்தபோது அவன் உயரம் 25 அங்குலம். எடை 15 ராத்தல். ஐந்து வயது இன்னும் நிரம்பவில்லை. வாரம் 3 டாலர் சம்பளம் பேசி, 'ஜெனரல் டாம் தம்ப்', அதாவது தளபதி கட்டைவிரல், என்று பட்டம் சூட்டி, வயது 11 என்று விளம்பரம் செய்தார். நாலு வயதுக் குழந்தை சிறிதாயிருந்தால் அதைக் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்கள்?

பொய்க்கேற்ற பயிற்சியும் நடந்தது. பாட்டும் நடனமும் நெப்போலியன் வேஷமும் கற்பித்தார்கள், அவற்றில் குற்றமில்லை. ஐந்து வயதிலேயே மதுவும் ஏழு வயதில் சுருட்டும் பழக்கினார்களே, அதைத்தான் என் மனம் மன்னிக்க மறுக்கிறது. ஆனால் குழந்தை அசடன் அல்லன். 1844-இல் லண்டனில் விக்டோரியா மகாராணியின் முன் ஆடிப் பாடிவிட்டு, அரண்மனை மரியாதைப்படி பின்பக்கமாகவே நடந்து வெளியேற வேண்டியிருந்தது. சிறு கால்கள் பின்தங்கவே, திரும்பிச் சற்று ஓடுவதும் மறுபடி பின்னடி வைப்பதுமாக வந்தான். ராணியின் நாய் குரைத்துக்கொண்டு பாய, கைத்தடியால் அதனோடு யுத்தம் செய்தான்! சபை குலுங்கிச் சிரித்ததாம். நமது ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போரில் இருந்த வெல்லிங்டன் பிரபு ஒரு நாள் நெப்போலியன் வேஷத்தில் சிந்தனையிலிருந்த அவனை நெருங்கி, என்ன யோசனை என்று விசாரித்தார். வாட்டர்லூவில் தோற்றதைப் பற்றித்தான் என்று உடனே பதில் வந்ததாகப் பார்னம் எழுதியிருக்கிறார்.

1845 முதல் அவன் சம பங்காளியானான். ஆண்டுகள் சென்றன. 1856-இல் ஒரு கடிகாரக் கம்பெனியை நம்பிப் பார்னம் திவாலானார். அப்போது பதினெட்டு வயது இளைஞராகச் சொந்தச் செல்வத்தோடு இருந்த ஸ்ட்ராட்டன், உதவிக்கு வருவதாகத் தாமே கடிதம் எழுதினார். இருவரும் மறுபடி இங்கிலாந்து சென்று சம்பாதித்தார்கள். யார் யாரைப் பிழைக்க வைத்தார் என்று சொல்வது இனி எளிதன்று.

1863-இல் தம்மைப் போன்றே சிறிய உருவமுடைய லவீனியா வாரனை மணந்தார். உள்நாட்டுப் போரின் நடுவிலும் லிங்கன் தம்பதிகளுக்கு வெள்ளை மாளிகையில் வரவேற்பு அளித்தார். பின்னர் ஒரு குழந்தையுடன் எடுத்த படங்கள் அமோகமாக விற்றன, அக்குழந்தை அவர்களுடையதன்று! 1869 முதல் மூன்று வருஷம் உலகம் சுற்றியபோது நம் தேசத்துக்கும் வந்தனர்.

1883 ஜனவரியில் மில்வாக்கி ஹோட்டல் தீ விபத்தில் எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், இவர்கள் தப்பினர். அவ்வாண்டு ஜூலை 15-இல், நாற்பத்தைந்தாம் வயதில், ஸ்ட்ராட்டன் காலமானார். பிரிட்ஜ்போர்ட் இடுகாட்டில் உயர்ந்த தூணின் மேல் அவருடைய ஆளுயரச் சிலை நிற்கிறது. லவீனியா மறுமணம் செய்துகொண்டு 1919 வரை வாழ்ந்தார். அவரையும் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். கல்லில் 'அவர் மனைவி' என்று பொறித்திருக்கிறது.