ஏழையென்றால் இளக்காரமா?

"அதுகள் கைநீட்டிப் பழகினதுகள்" என்று கடற்கரைப் பெண்களை இகழ்வோர் நம்மிடையே உண்டு. ஏன் அவர்கள் நிவாரண வரிசையில் நின்றார்கள்?

கல்முனைக்குடி போன்ற கரையோர ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்தே கலியாணம் செய்வது வழக்கம். பிரதான வீதியோரம் காணி வாங்க வசதியற்ற பெற்றோர் கடலோரத்தில் கட்டிக் கொடுத்தனர். 2004 டிசம்பர் 26 இல் சுனாமி முதலில் அழித்தது அவ்வீடுகளையே. 2005 இல், கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டத் தடை வந்தது. மாற்று வீடுகள் பலவற்றின் உறுதியும் "குடும்பத் தலைவர்" என ஆணின் பெயரிலேயே எழுதப்பட்டது.

ஆக, வரிசைக்குத் தள்ளியது சோம்பலல்ல, ஏற்றத்தாழ்வே. இளக்காரப் பேச்சு அதை மறைக்கிறது; கூச்சத்தால் விண்ணப்பிக்காமலும் தடுக்கிறது. சகோதரிகளே, தகுதியிருந்தால் அஸ்வெசும கேளுங்கள். அது பிச்சையல்ல, உரிமை.