சிவப்பு விளக்கு சொல்லும் சேதி

2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம், மாதனூரிலிருந்து குடியாத்தம் போகும் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. ஊருக்குள் தெருக்கள் இருந்தன. அந்த வழியே அக்கரைக்குத்தான் போக முடியவில்லை.

‘வைஃபை ஃபுல்லா காட்டுது, நெட் மட்டும் வரல’ என்னும்போது நடந்திருப்பதும் இதுதான். வைஃபை, செல்போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள வீட்டுத் தெரு. இணையம் அக்கரையில் இருக்கிறது. வழி எங்கே அறுந்தது என்பதை ரவுட்டரின் விளக்குகளே காட்டிக்கொடுக்கும்.

ஃபைபர் இணைப்பில் முதலில் பார்க்க வேண்டியது ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு. அது சிவப்பாக எரிந்தால் பாலமே போயிற்று என்று பொருள்: கம்பியில் ஒளி வந்து சேரவில்லை. அந்தக் கம்பிக்குள் இருப்பது முடியளவு கண்ணாடி இழை. அதன் நடுவே சுமார் 9 மைக்ரான் அகலமுள்ள பாதையில்தான் ஒளி ஓடுகிறது. இழையை ஒடித்து மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். கம்பி பீரோவுக்கு அடியிலோ கதவிடுக்கிலோ நசுங்கியிருந்தால் மெல்ல எடுத்து, அகலமான வளையமாக விடுங்கள். முனையைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது; உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கம்பியைச் சரிசெய்த பிறகும் சிவப்பு மாறாவிட்டால் பழுது பெரும்பாலும் வெளியே, கம்பத்திலோ இணைப்புப் பெட்டியிலோ இருக்கும். கேபிள்காரர்தான் வரவேண்டும்.

‘பி.ஓ.என்.’ விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்து, ‘இன்டர்நெட்’ விளக்கு மட்டும் எரியவில்லையா? பாலம் இருக்கிறது, அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. ரீசார்ஜ் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போட்டால் அது மறுபடி அனுமதி கேட்கும். ஆனால் பின்புறத் துளையில் ஊசியால் குத்தி ‘ரீசெட்’ செய்யாதீர்கள். கேபிள்காரர் பதிந்து வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோகலாம். சிறு கோளாறு பெரிதாகிவிடும்.

எல்லா விளக்கும் சரியாக இருந்தால் இன்னொரு போனில் பாருங்கள். அதில் நெட் வந்தால் குறை முதல் போனில்தான்.

தோல், ஷூ கம்பெனிகளுக்கு அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் இந்தப் பாலாற்று வட்டாரத்தில் நிறைய. நெட் நின்றால் ரவுட்டர் முன்னால் தனியாக நிற்பது பள்ளிப் பிள்ளைதான். ‘அண்ணா, எல்.ஓ.எஸ். சிவப்பா எரியுது’ என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்தால் போதும். கேபிள்காரர் ஒளியை அளக்கும் மீட்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புவார்.